கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் பிடிக்காது

கேள்வி: "அப்பாவின் விசைப்படகு எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டது. ஐந்து மாதம் சிறையில் இருந்துவிட்டு அப்பா திரும்பினார். படகு திரும்பவில்லை, அரசுடைமை ஆகிவிட்டது. படகின் மேல் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. அக்காவின் திருமணப் பேச்சு முறிந்தது. அப்பா வாசலைத் தாண்டுவதில்லை. அம்மா இரவெல்லாம் செபமாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு செபக்கூட்டத்துக்குப் போனபோது, 'உங்கள் வீட்டில் விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி' என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வயது 23. கிறிஸ்தவ நம்பிக்கை உண்மையிலேயே நிலைத்து நிற்கக்கூடியதா, இல்லை அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கும் மிட்டாயா? அம்மாவிடம் நான் என்ன சொல்வது?"

தம்பி, முதலில் அந்தச் செபக்கூட்டத்துப் பேச்சைத் தூக்கிக் கடலில் போடுங்கள். அப்படிச் சொன்னவர் பைபிளைக் கையில் வைத்திருந்திருப்பார்; யோபுவின் கதையைக் கடைசி அதிகாரம் வரை படித்திருக்கமாட்டார். யோபுவின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள்: நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய், அதனால்தான் இந்த அடி. முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது யாரிடம்? வாய்க்கு வந்தபடி கடவுளிடம் வழக்காடிய யோபுவிடம் இல்லை. கடவுளுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்த நண்பர்களிடம். பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். இதற்கு மேல் அந்தக் கூட்டத்துக்கு நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி பெரியது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரையில் உபதேசியாராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாமியார் இல்லாத நாட்களில் செத்த வீடுகளுக்குச் செபம் சொல்லப் போனவன் நான். அங்கே நானும் பல தடவை மிட்டாய் கொடுத்திருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

'நம்பிக்கை' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. பழைய மொழிபெயர்ப்பில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று முடியும். இப்போது கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கிற திருவிவிலியத்தில் அதே வரி 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கிறது. ஆக, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் உங்கள் சித்தப்பா 'நம்பிக்கை' என்றால் ஒன்று; பூசைக்குப் போகும் உங்கள் அம்மா 'நம்பிக்கை' என்றால் வேறொன்று. எதிர்நோக்கு என்ற சொல் வந்த புதிதில் எனக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கச் சுற்றறிக்கை போல ஒலித்தது. 2025 யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று தலைப்பு வைத்தபோதும் வீட்டில் முணுமுணுத்தேன். ஆனால் அந்தச் சொல் ஒரு உதவி செய்கிறது. எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. அந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது மறைக்கல்வி நூல் இல்லை, என் தாய்.

என் தம்பி நாட்டுப்படகில் போனவன். ஒரு ஐப்பசி மாதம் காற்று மாறியதில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவர் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எட்டு நாள் தேடினோம். நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த வேதனை சட்டென்று விளங்காது. பிணம் இல்லாவிட்டால் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாவிட்டால் அழுகைக்கு ஒரு முடிவும் இல்லை. இறந்தோருக்கான பூசை வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். ஒவ்வொரு மாதமும் அவன் பெயரில் 'நலம் வேண்டி' என்று கருத்துக் கொடுத்துத்தான் பூசை வைத்தார். அப்போதிருந்த பங்குத்தந்தை பெரிய மனிதர். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே பீடத்தில் வாசித்தார். எனக்குத்தான் எரிச்சல். உபதேசியார் வீட்டிலேயே இப்படியா என்று ஊர் பேசுமே என்ற கவலை.

மூன்று வருடம் இப்படிப் போனது. நான்காம் வருடம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அம்மா தானாகவே இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்தார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் ஓரத்துக்குப் போனார். அங்கே பெயரில்லாத ஒரு குழி உண்டு. முன்னொரு வருடம் கரை ஒதுங்கிய, யாரென்று தெரியாத ஒரு உடலை அங்கே புதைத்திருந்தார்கள். எந்த ஊர், எந்த மதம், இக்கரையா அக்கரையா, எதுவும் தெரியாது. அதன் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு, "இவனை ஒருத்தி இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். என் பிள்ளைக்கும் எங்கேயாவது ஒருத்தி ஏற்றி வைத்திருப்பாள்" என்றார்.

அன்று அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அது தவறு என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின. அவர் விட்டது எதிர்பார்ப்பை: பிள்ளை நடந்து வந்து வாசலில் நிற்பான் என்பதை. அதை விட்ட கைதான் இன்னொருத்தியின் பிள்ளைக்கு விளக்கேற்றியது. கடவுளின் கையில் ஒருவரும் தொலைந்துபோவதில்லை என்ற பிடிப்பு அதற்குப் பின்தான் அவரிடம் உறுதியாயிற்று. சாகும்வரை அது அசையவில்லை. ஐப்பசி மாதக் காற்று கேட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதுவும் கடைசி வரை போகவில்லை. நம்பிக்கை வந்தால் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எபிரேயருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரம் நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்று சொல்கிறது. ஊர்நாட்டில் இந்த வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் 'நங்கூரம் கனமானது, உறுதியானது' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நம் ஆட்களுக்குத் தெரியும், கனம் மட்டும் போதாது, கயிறு வேண்டும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று கடுமையாக இருந்தால் ஏழு மடங்குகூடக் கயிறு விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு தரையோடு தரையாகப் போகும், நங்கூரத்தின் நகம் மண்ணில் பதியும். கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் ஒவ்வொரு அலை தூக்கும்போதும் படகே நங்கூரத்தைப் பிடுங்கி எடுத்துவிடும். புயல் நேரத்தில் ராமேசுவரம் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் வீட்டை யோசித்துப் பாருங்கள். 'தபசு காலம் முடிவதற்குள் படகு வந்துவிடும்', 'கச்சத்தீவுத் திருவிழாவுக்குள் அந்தோனியார் வழி காட்டுவார்', 'இந்த நவநாள் முடிந்தால் கடன்காரர் மனம் மாறுவார்'. எல்லாமே குட்டைக் கயிறு. நாள் குறித்துக் கட்டிய கயிறு. அந்தத் தேதி தாண்டும்போதெல்லாம் அம்மாவின் நங்கூரத்தை அம்மாவே பிடுங்கிக்கொள்கிறார். பிறகு அடுத்த தேதி. வருடப் பிறப்பன்று கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும் வசனம்: உங்களுக்காக நான் வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று. அதற்கு முந்தைய வசனத்தை எந்த அட்டையும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகு என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களுக்கு அதே கடிதம் சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் அந்த ஊரின் நலனுக்காகச் செபியுங்கள். அதுதான் நீளக் கயிறு.

அந்தோனியாரைப் பற்றி எழுதிவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கச்சத்தீவுத் திருவிழாவுக்கு நீங்கள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். இங்கிருந்து போகிறவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களும் ஒரே சிலுவைப் பாதையில் நடப்பார்கள். நம் வீட்டுப் பெண் 'எங்கள் படகை மீட்டுத் தாரும்' என்று மன்றாடும் அதே பீடத்தில், அக்கரைப் பெண் 'இந்தியப் படகுகளின் இழுவைமடி எங்கள் வலையை அறுக்காமல் காத்தருளும்' என்று மன்றாடுகிறாள். இருவரும் தமிழில்தான் கேட்கிறார்கள். அந்தோனியார் பாவம், என்ன செய்வார்? கேட்டது கிடைப்பதுதான் நம்பிக்கை என்றால், அதில் ஒருத்தியாவது நம்பிக்கையற்றவளாகத் திரும்ப வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற ஒருவர் இருக்கிறார். ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்திருப்பீர்கள். லிஸ்பனில் பிறந்து, அருளானந்தர் என்ற பெயரோடு மறவ நாட்டில் ஊழியம் செய்தவர் ஜான் டி பிரிட்டோ. 1686இல் பிடித்து வதைத்தார்கள். மறவ நாட்டு அரசர் சேதுபதி விடுதலை செய்தார். போர்ச்சுகலுக்குப் போனவரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை, திரும்பி வந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் மனம் மாறி ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வேன் என்று மற்ற மனைவியரை விலக்கியதும், அவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண் என்பதால் அரண்மனை கொதித்தது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான்: அதே மனிதர், அதே செபம், அதே சேதுபதி. முதல் முறை விடுதலை, இரண்டாம் முறை வாள். 1686இல் விசுவாசம் நிறைய இருந்து 1693இல் குறைந்துவிட்டதா? அந்தச் செபக்கூட்டத்துக்காரர் இதற்கு என்ன பதில் சொல்வார்? சிறையிலிருந்து அருளானந்தர் எழுதிய கடிதங்களில் மகிழ்ச்சிதான் இருக்கிறது. அவருடைய கயிறு விடுதலையில் கட்டப்பட்டிருக்கவில்லை.

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேதாளையில் 1549இல் கொல்லப்பட்டார் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு. படை வந்தபோது சனங்களைத் தோணிகளில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் கரையில் நின்றுவிட்டவர். வேதாளை வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்!

கடலோரத்தானுக்கென்றே எழுதியது போல ஒரு அதிகாரம் பைபிளில் இருக்கிறது: அப்போஸ்தலர் பணி 27. பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார், அவரையும் சேர்த்து 276 பேர். புயல் பிடித்துக்கொள்கிறது. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தப்பிப்போம் என்ற நம்பிக்கை முழுதும் அற்றுப்போயிற்று என்று எழுதியிருக்கிறது. கவனியுங்கள், எழுதியவர் 'அவர்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை, 'நாங்கள்' என்கிறார். பதினான்காம் இரவு ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், சற்றுத் தள்ளி பதினைந்து பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், நம் ஊர்க் கணக்குதான். பாறையில் மோதிவிடுவோமோ என்று பயந்து பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று ஏங்கிக்கொண்டு கிடக்கிறார்கள். நான்கு நங்கூரம் போட்டும் காற்று நிற்கவில்லை. நங்கூரத்தின் வேலை அதுவும் இல்லை. விடியும்வரை பிடித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இருட்டில் பவுல் செய்த இரண்டு காரியங்கள் உங்கள் வீட்டுக்கும் ஆகும் என்று நினைக்கிறேன். கப்பலோட்டிகள் சிறு படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமுடியாது என்று சொல்லித் தடுத்தார். கடவுள் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தும், கடலறிந்தவன் கப்பலில் இருந்தாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உங்கள் வீட்டில் கடலறிந்தவர் உங்கள் அப்பா. படகு போனதும் அவரைப் பாரமாக நினைக்கிற பேச்சு வீட்டில் வரும், வந்திருக்கும். எந்த முடிவையும் அவரை விட்டுவிட்டு எடுக்காதீர்கள், அவர் பதில் பேசாவிட்டாலும்.

இரண்டாவது, பவுல் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். பதினான்கு நாள் பட்டினி. தானே அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு, முதலில் தின்று காட்டினார். பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. அம்மா சாப்பிடுகிறாரா தம்பி? நீங்கள் அதை எழுதவில்லை.

கப்பல் கடைசியில் உடைந்தது. பவுல் முன்பே சொல்லியிருந்தார், சேதம் கப்பலுக்கு மட்டும்தான், உயிருக்கு இல்லை என்று. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். மீட்பு சில சமயம் அப்படித்தான் வருகிறது, உடைந்த கப்பலின் பலகையில்.

ஆனால் உயிரே போன கதைகளும் இந்தக் கரையில் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிப் புயலில் ரயிலோடு போனவர்களுக்குப் பலகை கிடைக்கவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கோயில் சுவருக்கு முன் நின்று சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுக்கும்போது, அந்த வருடம் பிழைத்தவர்கள் எப்படி 'சமாதானம்' என்று பாடியிருப்பார்கள் என்று யோசிப்பேன். பாடாமலும் இருந்திருக்கலாம். அதுவும் செபமே. சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்கள். இருளில் தொடங்கி இருளில் முடிகிறது, கடைசியில் ஒரு 'ஆனாலும்' கூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். செபமாலை உங்களுக்கு வாயில் வரவில்லை என்றால் அதைச் சத்தமாக வாசியுங்கள். கோபம் வந்தால் கடவுளிடமே காட்டுங்கள். சிலுவையில் தொங்கியவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாக் கயிறும் கடைசியில் அவரிடம்தான் போய்க் கட்டப்படுகிறது. நம் பேச்சில் 'பாடு' என்றால் கடலில் கிடைத்த மீன். "இன்று பாடு எப்படி?" என்று கேட்டுத்தான் கரையில் காலை விடியும். கோயிலில் 'பாடுகள்' என்றால் ஆண்டவர் பட்ட துன்பம். சின்ன வயதில் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். பெரிய வெள்ளியன்று 'திருப்பாடுகளின் வரலாறு' என்று அறிவித்தபோது, அன்று பேதுருவுக்கு நிறைய மீன் கிடைத்திருக்கிறது என்று எண்ணினேன். சிரிக்காதீர்கள். கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிமண் இதுதான்: பாடுபட்டுச் செத்தவர் உயிர்த்தெழுந்தார். அது உண்மையானால், உங்கள் வீட்டின் இந்த இருட்டும் அவர் ஏற்கனவே இறங்கிப் பார்த்த இருட்டு; அதற்குக் கடைசி வார்த்தை சொல்லும் உரிமை இல்லை. உண்மை இல்லையென்றால், நான் இத்தனை வருடம் கொடுத்ததெல்லாம் மிட்டாய்தான். பவுலே அதை ஒப்புக்கொள்கிறார், கிறிஸ்து எழவில்லையென்றால் எங்கள் பிரசங்கம் வீண் என்று. என் தாயின் கையையும் அந்த மெழுகுவர்த்தியையும் பார்த்தவன் என்பதால் நான் முதலாவதில் நிற்கிறேன். உங்களை இன்றே அங்கே நிற்கச் சொல்லவில்லை.

சில்லறைக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் தூங்காத அம்மாவும் வெளியே வராத அப்பாவும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செபமாலையும் மாத்திரையும் சண்டை போடாது. 104க்கோ 14416க்கோ அழைத்தால் தமிழிலேயே மன நல ஆலோசனை கிடைக்கும். அப்பா 'நான் இருந்து என்ன பயன்' என்பது போல ஏதாவது சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மீட்க முடியாத படகுகளுக்கு மாநில அரசின் நிவாரணம் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டீர்களா? கடனை எழுதி ஒரு தாளில் வையுங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி. எண் தெரியாத கடன்தான் இரவில் பெரிதாகும்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். செபமாலையின் ஐந்து பத்துகளில் ஒன்றுக்காவது நீங்கள் பதில் சொல்லுங்கள்; 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற பாதி மட்டும் போதும். நம்பாமல் சொன்னாலும் குற்றமில்லை. அவர் இப்போது இரண்டு பாதியையும் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு வேறு வழி. உயிர்த்த பிறகு இயேசு, இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காமல் வந்த மீனவர்களுக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. கரையில் கரி மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார்; "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்றார். தடைக்காலம் முடிந்து ஜூன் 15 படகுகள் இறங்கும்போது அப்பாவைக் கரைக்குக் கூட்டி வாருங்கள். அடுத்தவர் படகில் ஏறச் சொல்லாதீர்கள், அது அவருக்கு இப்போது முடியாது. டீக்கடை வரை வந்தால் போதும். எனக்கு ஒரு வார்த்தை முன்னால் தெரிவித்தால் நானும் வந்துவிடுவேன். அவரும் நானும் ஒரே காலத்தவர்கள். பேசாமல் உட்கார்ந்திருக்க எங்களுக்குத் தெரியும்.